இசை இதழ்ப் பக்கங்களைப் படித்தறிதல்: வடிவமைப்பு மரபுகளை ஆராய ஒரு வழிகாட்டி

இசை இதழ் ஒன்றின் அட்டையைக் கொடுத்து அதன் வடிவமைப்பு மரபுகளை ஆராயச் சொன்னால், இத்துறைக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். இது மாஸ்ட்ஹெட் (அட்டையின் மேலே வரும் இதழின் பெயர்), இது முதன்மைப் படம், இது பார்கோடு என்று அம்புக்குறி போட்டு எழுதியதும் வேலை முடிந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். பெயர்கள் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் ஆய்வு என்பது, ஒரு பக்கத்தில் இசை இதழ்கள் எல்லாமே செய்பவை எவை, இந்தக் குறிப்பிட்ட இதழ் மட்டும் வழக்கமாகச் செய்பவை எவை, இந்த ஒரு பக்கத்துக்காகவே வேண்டுமென்று செய்யப்பட்டவை எவை என்று மூன்றையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் யாரை நோக்கி என்ன வேலை செய்கிறது என்று காட்டுவதாகும். அந்தப் பிரிப்பை எப்படிச் செய்வது என்பதைக் கீழே வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை: பிரதிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மரபைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, ஏனெனில் திரும்பத் திரும்ப வருவதுதான் மரபு. ஆகவே ஒரே இதழின் அடுத்தடுத்த மூன்று பிரதிகளையும், வேறொரு இசை வகையைச் சார்ந்த இதழின் ஒரு பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் மாறாமல் இருப்பது அந்த இதழின் வழக்கம். நான்கிலும் இருப்பது பொதுமரபாக இருக்க வாய்ப்புண்டு. ஒன்றில் மட்டும் இருப்பது அந்தப் பக்கத்துக்காக எடுத்த முடிவு. எந்த இரண்டு இதழ்களை இணைப்பது என்பதில் கொஞ்சம் யோசனை தேவை. 1981இல் தொடங்கிய ராக், மெட்டல் இதழான கெராங்கையும், 1993இல் தொடங்கி ராக் இசையின் பழைய வரலாற்றுக்கே நிறைய இடம் ஒதுக்கிவரும் மோஜோவையும் எதிரெதிராக வைத்தால் வேறுபாடுகள் உடனே தெரியும். 1934இலிருந்து ஜாஸுக்கென வெளிவரும் டவுன்பீட்டையும், 1993இல் ஹிப்ஹாப், ஆர் அண்ட் பி இசைக்காகத் தொடங்கப்பட்ட வைபையும் இணைத்தாலும் அப்படியே. மிக நெருங்கிய இரண்டு இதழ்களை ஒப்பிடுவது அனுபவம் உள்ளவர்களுக்கே பலன் தரும்.

திரையில் பார்ப்பதானால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, பக்கங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்து தெரியும்படி அமைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் வடிவமைப்பாளர் அப்படித்தான் அவற்றைத் திட்டமிட்டிருப்பார். இரண்டாவது, அச்சிட்ட பிரதியின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோன் 1967இல் செய்தித்தாளைப் போல மடித்த தாள்களாகத்தான் தொடங்கியது. 2008இல் தன் பெரிய அளவைக் குறைத்துக்கொண்டு, முதுகில் பசையிட்டுக் கட்டும் முறைக்கு மாறியது. இந்த மாற்றத்துக்கு முந்திய பக்கத்தையும் பிந்திய பக்கத்தையும் ஒரே அளவில் திரையில் பார்ப்பவர், எழுத்தின் பருமனையும் படத்தின் ஆதிக்கத்தையும் தவறாக மதிப்பிட்டுவிடுவார்.

அடுத்தது: முதல் பார்வையைக் குறித்துக்கொள்ளுதல்

குறிப்பு எழுதுவதற்கு முன்னால் பக்கத்தைச் சில நொடிகள் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். நினைவில் நிற்பவற்றை, கண்ணில் பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். முகமா, பெயரா, நிறமா, ஒரு பெரிய சொல்லா என்ற அந்த வரிசைதான் பக்கத்தின் படிநிலை. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்த பிறகு எல்லாமே சம முக்கியத்துவம் உள்ளவையாகத் தோன்றும். அப்போது இந்த வரிசையை மீட்டெடுக்க முடியாது. வேறு ஒருவரிடமும் இதே சோதனையைச் செய்துபார்ப்பது நல்லது, குறிப்பாக அந்த இதழின் வாசகர் அல்லாத ஒருவரிடம்.

அட்டை

அட்டையில் மேலிருந்து தொடங்குவது வசதி. இதழின் பெயர் ஏன் எப்போதும் மேலே இருக்கிறது என்று கேட்டால், விற்பனை அடுக்குகளில் கீழ்ப்பகுதி முன்வரிசை இதழ்களால் மறைந்துவிடும் என்பதே பதில். அதேபோல இதழ்கள் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று சற்று விலகி அடுக்கப்படும் இடங்களில் இடப்பக்கத்து மூன்றில் ஒரு பங்குதான் வெளியே தெரியும். 1986 முதல் 2020 வரை வெளிவந்த பிரிட்டிஷ் இதழான க்யூ, சிவப்புச் சதுரத்துக்குள் ஒரே ஒரு வெள்ளை எழுத்தைப் பெயராக வைத்து அதை மேல் இடது மூலையில் பொருத்தியிருந்தது. எந்த அடுக்கில் எப்படி வைத்தாலும் பெயர் முழுவதும் தெரியும். மீதி மேற்பகுதி படத்துக்கும் வரிகளுக்கும் கிடைக்கும். பொதுமரபின் காரணத்தைப் புரிந்துகொண்டு அதைத் தனக்கே உரிய முறையில் நிறைவேற்றியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பிறகு பெயரின் எழுத்து வடிவத்தைப் பாருங்கள். கெராங்கின் பெயர் விரிசல் விட்ட எழுத்துகளில் இருக்கும். அதன் முடிவில் ஆச்சரியக்குறி நிற்கும். பெயரே மின்கிட்டாரை ஓங்கி மீட்டும்போது எழும் ஓசைதான் என்பதால் எழுத்தும் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொண்டது போல உடைந்திருக்கிறது. ரோலிங் ஸ்டோனின் முதல் பெயரெழுத்தை வரைந்தவர் சான்பிரான்சிஸ்கோவின் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளால் அறியப்பட்ட ரிக் கிரிஃபின். அந்த வளைவுகள் பலமுறை திருத்தப்பட்ட பின்னும் தாம் பிறந்த காலத்தின் சாயலை இழக்கவில்லை. அட்டைக் கலைஞரின் தலை பெயரின் சில எழுத்துகளை மறைக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதி மறைந்தாலும் வாசகர் அடையாளம் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கை நிலைபெற்ற இதழ்களுக்குத்தான் உண்டு. புதிய இதழ் அதைச் செய்தால், தன்னை நிலைபெற்ற இதழாகக் காட்டிக்கொள்ள விரும்புகிறது என்று பொருள்.

படத்தை ஆராயும்போது, கேமரா எவ்வளவு அருகில் இருக்கிறது, கண்கள் எங்கே பார்க்கின்றன, கைகள் என்ன செய்கின்றன, பின்னணி எப்படிப்பட்டது, கருவி இருக்கிறதா என்ற ஐந்தையும் தனித்தனியே எழுதுங்கள். வாசகரை நேராகப் பார்க்கும் மார்பளவுப் படம் மிகப் பரவலான மரபு. அதனால் நேராகப் பார்க்காத அட்டைதான் விளக்கம் கேட்கிறது. கருவியின் இருப்பும் கவனிக்கத் தக்கது. டவுன்பீட்டின் அட்டைகளில் கலைஞர் தம் சாக்சபோனுடனோ டிரம்பெட்டுடனோ நிற்பதை அடிக்கடி காணலாம். பாப் இதழ்களின் அட்டைகளில் பெரும்பாலும் முகமும் உடையும்தான் இருக்கும். முன்னது வாசிப்புத் திறனை முன்வைக்கிறது, பின்னது ஆளுமையை. குழுவின் படமானால் யார் முன்னால் நிற்கிறார், யார் மங்கலாக்கப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். பாடகர் முன்னால், டிரம்ஸ் கலைஞர் பின்னால் என்ற வரிசை மாறியிருந்தால் அதற்கான காரணம் உள்ளே கட்டுரையில் கிடைக்கும்.

படத்துக்கு அருகில் வரும் முதன்மை வரியைப் படத்திலிருந்து பிரித்துப் படிக்கக் கூடாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1964இல் எழுதிய கட்டுரையொன்றில், பல பொருள்களுக்கு இடம்தரும் படத்தைச் சொல் ஒரு பொருளில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்துகிறது என்று விளக்கினார். இதைச் சோதிப்பது எளிது. வரியை ஒரு தாளால் மறைத்துவிட்டு, அந்த முகம் துயரமா, களைப்பா, திமிரா என்று கேட்டுப் பாருங்கள். பிறகு தாளை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் நிகழும் மாற்றமே நீங்கள் எழுத வேண்டிய பகுப்பாய்வு.

மற்ற அட்டை வரிகளில், வினைச்சொற்கள் உள்ளவை எத்தனை, வெறும் கலைஞர் பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். வெறும் பெயர்களை அடுக்கும் இதழ், அந்தப் பெயர்களை அறிந்த வாசகரை எதிர்பார்க்கிறது. விளக்கும் வரிகளைப் போடும் இதழ் அறியாதவரையும் அழைக்கிறது. நிறங்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கடுமையான கருத்து உண்டு: சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்ற பட்டியல்களை எடுத்து எறிந்துவிடுங்கள். அட்டையில் கறுப்பு வெள்ளையைத் தவிர எத்தனை நிறங்கள் இருக்கின்றன, அவற்றில் ஏதேனும் கலைஞரின் உடையிலிருந்தோ பின்னணியிலிருந்தோ எடுக்கப்பட்டதா, அதே நிறம் உள்ளே கட்டுரைப் பக்கத்திலும் வருகிறதா என்ற கேள்விகள்தான் பயன் தரும்.

கீழே பார்கோடு, தேதி, விலை. தொடர் வெளியீடுகளுக்கான சர்வதேசப் பார்கோடு 977 என்ற எண்களில் தொடங்கும். அருகிலுள்ள சிறிய கூடுதல் கோடுகள் அது எத்தனையாவது வெளியீடு என்பதைக் குறிக்கும். இவற்றை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம், விலை இல்லாமல் போனால் ஒழிய. 1952இல் தொடங்கிய பிரிட்டிஷ் இசை வார இதழான என்எம்இ 2015 செப்டம்பரில் இலவச இதழாக மாறி, 2018 மார்ச்சில் வார அச்சுப் பதிப்பை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கத் தூண்ட வேண்டிய அட்டையும், கையில் எடுத்தால் போதும் என்று நினைக்கும் அட்டையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 2015க்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு அட்டைகளை அருகருகே வைத்து வரிகளின் எண்ணிக்கையையும் படத்தின் அளவையும் ஒப்பிடுவது, மரபு பணத்தோடு எவ்வளவு பிணைந்தது என்பதைக் காட்டும் நல்ல பயிற்சி.

பொருளடக்கப் பக்கம்

புதியவர்கள் பொதுவாக அலட்சியப்படுத்தும் பக்கம் இது. இரண்டு விதமான வாசகர்களுக்கு இது ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: அட்டையில் பார்த்த கட்டுரையைத் தேடி வருபவருக்கு ஒரு பக்க எண், சும்மா புரட்டுபவருக்கு ஓர் ஆசை. ஆகவே உள்ளடக்கம் வழக்கமாக இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் வரும் செய்திகள், விமர்சனங்கள், கடிதங்கள் போன்றவை ஒரு பட்டியலாகவும், இந்த முறை மட்டும் வரும் சிறப்புக் கட்டுரைகள் படங்களோடும் பெரிய எண்களோடும் தனியாகவும் நிற்கும். அட்டைக் கட்டுரைக்கு இங்கே என்ன அடையாளம் தரப்பட்டிருக்கிறது, அட்டையின் எழுத்துரு இங்கேயும் தொடர்கிறதா, பக்க எண்கள் தலைப்புகளைவிடப் பெரியவையா என்று பாருங்கள். ஆசிரியர் பெயர்ப் பட்டியலும் சந்தா விளம்பரமும் பெரும்பாலும் இதன் அருகிலேயே இருக்கும்.

மரபு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு த ஃபேஸ் இதழின் கதையைச் சொல்லலாம். 1980இல் இசையையும் உடைப் பாணியையும் இணைத்துத் தொடங்கப்பட்ட அந்த இதழுக்கு, 1981 முதல் நெவில் பிராடி கலை இயக்குநராக இருந்தார். 1984இல் அவர் பொருளடக்கப் பக்கத்தின் தலைப்புச் சொல்லை ஒவ்வொரு வெளியீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார். சில மாதங்களில் அது எழுத்தாகவே இல்லாமல் வெறும் குறிகளாக மாறிவிட்டது. ஆனாலும் வாசகருக்கு அது எந்தப் பக்கம் என்பதில் ஐயம் இருந்திருக்காது, ஏனெனில் அந்தப் பக்கத்தின் இடமும் பட்டியலும் பக்க எண்களுமே அதை அறிவித்துக்கொண்டிருந்தன. அங்கே அந்தச் சொல் அலங்காரமாகத்தான் இருந்தது என்பதைத் தொடர்ந்து வாங்கிய வாசகர்கள் முன்னிலையிலேயே பிராடி நிரூபித்தார். நீங்கள் ஆராயும் பக்கத்திலும் ஒவ்வோர் உறுப்பையும் மனத்துக்குள் நீக்கிப் பார்த்து, பக்கம் என்ன இழக்கிறது என்று கேளுங்கள்.

எதிரெதிர்ப் பக்கங்கள்

சிறப்புக் கட்டுரையின் தொடக்கம் பெரும்பாலும் இரண்டு பக்கங்களை முழுவதும் எடுத்துக்கொள்ளும். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

முதலில் காகிதத்தைப் பாருங்கள். ஊக்குக் குத்திய இதழில் சரியாக நடுவில் வரும் இரண்டு பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் அச்சானவை. மற்ற எதிரெதிர்ப் பக்கங்கள் எல்லாம் இரண்டு வெவ்வேறு தாள்களின் பாதிகள். பசையிட்டுக் கட்டிய இதழில் மடிப்புக்கு அருகிலுள்ள பகுதி உள்ளே இழுக்கப்பட்டு மறைந்துவிடும். அதனால் இரு பக்கத்துக்கும் பரவிய படத்தில் கலைஞரின் முகம் மடிப்பில் விழாமல் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். இதை அழகியல் முடிவு என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத கட்டத்தை வரைந்துபாருங்கள். பக்கத்தின் மீது ஒரு மெல்லிய தாளை வைத்து, எழுத்துப் பத்திகளின் (மேலிருந்து கீழாக ஓடும் எழுத்து நிரல்களின்) இட, வல ஓரங்களைக் கோடுகளாக இழுத்துக்கொண்டு, படங்களும் தலைப்பும் அந்தக் கோடுகளில் உட்காருகின்றனவா, மீறுகின்றனவா என்று குறியுங்கள். ஆங்கில இதழ்களில் கட்டுரையின் உடல் எழுத்து பெரும்பாலும் 8 முதல் 10 பாயிண்ட் (அச்செழுத்தை அளக்கும் அலகு) அளவில், பக்கத்துக்கு இரண்டு, மூன்று அல்லது நான்கு பத்திகளாக ஓடும். விமர்சனப் பகுதியில் நான்கு பத்தியும் சிறப்புக் கட்டுரையில் இரண்டு பத்தியும் இருந்தால், முன்னதை மேய்வதற்கும் பின்னதை உட்கார்ந்து வாசிப்பதற்கும் இதழ் உங்களைத் தயார்செய்கிறது என்று கொள்ளலாம்.

பிறகு நுழைவாயில்களை எண்ணுங்கள். தலைப்பு, அதன் கீழே கட்டுரையை ஓரிரு வாக்கியங்களில் அறிமுகப்படுத்தும் வரிகள், எழுதியவர் மற்றும் புகைப்படக் கலைஞரின் பெயர், பல வரி உயரத்துக்கு நிற்கும் முதல் எழுத்து, கட்டுரையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கப்பட்ட மேற்கோள், படக்குறிப்பு, தகவல் பெட்டி ஆகிய ஒவ்வொன்றும் வாசகர் உள்ளே நுழையக்கூடிய ஒரு வழி. இளம் வாசகர்களுக்கான இதழ்களில் வழிகள் மிகுதியாகவும் சிறியவையாகவும் இருக்கும். மோஜோ போன்ற இதழ், நீண்ட எழுத்தை வாசிக்கப் பொறுமை உள்ளவரை எதிர்பார்ப்பதால், ஒரே பெரிய வாசலோடு நின்றுவிட முடிகிறது. பெரிதாக்கப்பட்ட மேற்கோளை மட்டும் கட்டுரைக்குள் தேடிப் பிடித்து, அதன் முன்னும் பின்னும் இருக்கும் வரிகளோடு ஒப்பிடுங்கள். எந்த வாக்கியத்தை எடுத்தார்கள் என்பதைவிட எந்த வாக்கியத்தை விட்டுவிட்டார்கள் என்பது இதழின் நோக்கத்தைக் கூடுதலாகச் சொல்லும்.

விதிமீறலை மதிப்பிடும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1992இல் தொடங்கிய ரே கன் இதழின் கலை இயக்குநர் டேவிட் கார்சன், பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பூட்டுவதாக நினைத்து, 1994இல் அதை முழுவதும் ஜாப்ஃப் டிங்பாட்ஸ் என்ற படக்குறி எழுத்துருவில் அச்சிட்டார். ஒருவராலும் அதை அப்படியே வாசிக்க முடியாது. ஆனாலும் பத்திகளும் ஓரவெளிகளும் ஒரு பேட்டிக்கு உரிய வடிவத்திலேயே நின்றதால்தான் அது பேட்டி என்று அடையாளம் தெரிந்தது. விதிமீறல் கேலியாகப் புரிந்தது. ஒரு மரபு மீறப்படும்போது எந்த மரபுகள் மீறப்படாமல் தாங்கி நிற்கின்றன என்று தேடுங்கள்.

விளம்பரங்களையும் ஆய்வுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் இரட்டை எண், வலப்பக்கம் ஒற்றை எண். புரட்டும்போது முதலில் கண்ணில் படுவதாகக் கருதப்படும் வலப்பக்கத்தையே விளம்பரதாரர்கள் விரும்புவார்கள். விளம்பரத்துக்கு எதிரே இருக்கும் கட்டுரைப் பக்கம் அதோடு போட்டியிடுகிறதா, அடங்கிப்போகிறதா என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

குறிப்புகளிலிருந்து எழுத்துக்கு

குறிப்புகள் சேர்ந்த பிறகு பலர் அவற்றை அப்படியே வரிசைப்படுத்திவிடுகிறார்கள். ஒரு கற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் முழுவதும், ஓரவெளி இல்லாமல், ஒரு பாடகியின் கறுப்பு வெள்ளைப் படம்; அவர் வலப்பக்கத்தை நோக்கிப் பார்க்கிறார். வலப்பக்கத்தில் இரண்டு பத்திகள், ஏராளமான வெற்றிடம், ஒரே ஒரு மஞ்சள் நிற மேற்கோள்.

பலவீனமான எழுத்து இப்படி இருக்கும்: “படம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. இது தீவிரத்தைக் காட்டுகிறது. மேற்கோள் மஞ்சளில் இருக்கிறது. இது கவனத்தை ஈர்க்கிறது.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த இதழின் எந்தப் பக்கத்துக்கும் இது பொருந்தும்.

வலுவான எழுத்து ஒப்பீட்டிலிருந்து தொடங்கும்: “இந்த இதழின் மற்ற இரண்டு வெளியீடுகளிலும் சிறப்புக் கட்டுரைகள் வண்ணப் படங்களோடும் மூன்று பத்திகளோடும் தொடங்குகின்றன. இந்தப் பக்கம் இரண்டையும் கைவிட்டு, வெற்றிடத்தையும் கறுப்பு வெள்ளையையும் எடுத்துக்கொள்வதால், அட்டையில் சிரித்த முகமாக விற்கப்பட்ட அதே பாடகியை இங்கே பாடல் எழுதுபவராக, கேட்கப்பட வேண்டியவராக முன்வைக்கிறது. அவருடைய பார்வை வாசகரைச் சந்திக்காமல் எழுத்தை நோக்கிச் செல்வதால் கண்ணும் அங்கே போகிறது. அங்கே முதலில் தென்படும் மஞ்சள் மேற்கோள் அவருடைய சொந்தக் கூற்றாக இருப்பது தற்செயல் அல்ல.” இங்கே கவனித்தது, எதோடு ஒப்பிட்டது, அதனால் வாசகருக்கு நிகழ்வது ஆகிய மூன்றும் ஒரே பாராவில் இருக்கின்றன. ஒவ்வொரு கூற்றையும் பக்கத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியும். விரல் வைக்க முடியாத வாக்கியம் எதுவானாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், அடித்துவிடுங்கள்.

எழுதி முடித்த பின் ஒரு சோதனை: இதழின் பெயரையும் கலைஞரின் பெயரையும் நீக்கிவிட்டு உங்கள் ஆய்வை ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் சேர்த்த நான்கு பிரதிகளையும் மேசையில் பரப்பி, எந்தப் பிரதியைப் பற்றியது என்று கேளுங்கள். அவரால் சரியான பிரதியை எடுக்க முடியாவிட்டால், நீங்கள் இன்னும் பொதுமரபை மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். அட்டையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை, ஒப்பீட்டு வரிகளை மட்டும் எடுத்து, எண்ணிக்கையும் இடமும் சேர்த்துத் திருத்தினால் போதும்.